சுற்றிக்கொண்டு வீடு சேர்பவர்களின் கேள்விகள்

சென்னையில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களிலும், இருபுறமும் வண்டிகள் போய்வந்த பல சாலைகள் ஒருவழிப் பாதைகளாகியுள்ளன. இந்த மாற்றம் குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் கோபம் மிகுந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம். விவரமும் அதில்தான் மிகுதியாக இருந்தது.

மயிலாப்பூர் வாசகி: எங்கள் தெரு முனையில் வலப்புறம் திரும்பினால் டாக்டர் வீடு கண்ணுக்குத் தெரியும். இப்போது இடப்புறம்தான் திரும்ப வேண்டும். லஸ் வரை போய், அங்கே நின்று, வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. மாமியாரை ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு தினமும் இந்தப் பிரதட்சிணம். ஒருவழியாக்கினால் நெரிசல் குறையும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

பதில்: கணக்கு இருக்கிறது. அது சாலைச் சந்திப்பில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் கணக்கு என்பதுதான் உங்கள் கஷ்டத்துக்குக் காரணம்.

நான்கு சாலைகள் கூடும் ஒரு சந்திப்பில் எல்லாச் சாலைகளும் இருவழியாக இருந்தால், ஒரு வண்டியின் பாதை இன்னொரு வண்டியின் பாதையைக் குறுக்கிடும் அல்லது அதனுடன் வந்து சேரும் இடங்கள் 24 என்று நம் பொறியியல் பாடநூல்கள் கணக்கிடுகின்றன. குறுக்கிடும் இரண்டு சாலைகளில் ஒன்றை ஒருவழியாக்கினால் அந்த எண்ணிக்கை 11 ஆகிறது. இரண்டையும் ஒருவழியாக்கினால் 6 ஆகச் சுருங்குகிறது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில் சிக்கல் முழுவதும் வலப்புறம் திரும்புகிறவரிடம் இருக்கிறது. எதிரே வரும் வரிசை முழுவதும் போகும்வரை அவர் நடுச்சாலையில் காத்து நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் நேராகப் போக வேண்டியவர்களும் சேர்ந்து நிற்பார்கள். ஒருவழிச் சாலையில் எதிர் வரிசையே இல்லை என்பதால் அந்தக் காத்திருப்பு மறைந்துவிடுகிறது. சிக்னலில் நான்கு முறை மாற வேண்டிய பச்சை விளக்கு இரண்டு முறை மாறினால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைக்கும் நேரம் கூடுகிறது. இதுவரை சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

ஆனால் சந்திப்பில் நின்று எண்ணுகிறவர் வண்டிகளை எண்ணுகிறாரே தவிர, அந்த வண்டி எங்கே போக நினைத்தது, எவ்வளவு சுற்றி வந்தது என்பதை எண்ணுவதில்லை. உங்கள் ஆட்டோ முன்பு எந்தப் பெரிய சந்திப்பையும் தொடாமல் டாக்டர் வீட்டை அடைந்தது. இப்போது அதே ஆட்டோ போகும் வழியில் உள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் எண்ணப்பட்டு, ‘இத்தனை வண்டிகள் தடையின்றிக் கடந்தன’ என்ற வெற்றிக் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. நெடுந்தூரம் போகிறவருக்கு ஒருவழிப் பாதை லாபம். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கு நஷ்டம். ஊரைக் கடந்து போகிறவர்களின் நேரத்தை மிச்சப்படுத்த, ஊருக்குள் இருப்பவர்கள் பெட்ரோலும் பொறுமையும் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால் அதை மறுப்பது கடினம்.

மயிலாப்பூருக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. மாதவரத்திலிருந்து சிப்காட் செல்லும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடமும் திருமயிலையில் ஒன்றையொன்று நிலத்தடியில் சந்திக்கின்றன. அந்த நிலையத்துக்காகச் சாலையின் பெரும்பகுதியைத் தகரத் தடுப்புகள் எடுத்துக்கொண்ட பின், மிஞ்சிய அகலத்தில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் இரண்டுமே நகர முடியாது. அந்த இடத்தில் ஒருவழி என்பது நெரிசலைக் குறைக்கும் திட்டம் அல்ல. வேறு வழி இல்லாததால் செய்தது. மிஞ்சிய அகலம் போதாது என்பதற்காக ஒருவழியான சாலை எது, அதன் சுமையைத் தாங்குவதற்காக ஒருவழியான பக்கத்துத் தெரு எது என்று பிரித்துப் பார்த்தால், எதை மாற்றச் சொல்லலாம், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

திருவல்லிக்கேணி வாசகர்: தற்காலிகம் என்கிறார்கள். நம் ஊரில் தற்காலிகமாக வந்தது எதுவும் திரும்பிப் போனதுண்டா?

பதில்: உண்டு; உங்கள் வீட்டுக்கு அருகிலேயே. மெட்ரோ முதல் கட்டப் பணிக்காக அண்ணா சாலையின் ஒரு பகுதி 2012 முதல் ஒருவழியாக இருந்ததையும், ஜெமினி பக்கம் போகிறவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, வொயிட்ஸ் சாலை என்று ராயப்பேட்டையைச் சுற்றிவிடப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 பிப்ரவரியில் அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் அண்ணா சாலை மீண்டும் இருவழியானது. திரும்பி வந்தது என்பது ஆறுதல். ஏழு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அந்தச் சுற்றுவழியில் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை, நேர்வழி திறந்தபோது பள்ளியையே முடித்திருக்கும்.

தியாகராய நகர்க் கடைக்காரர்: எங்கள் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஒருவழியான பிறகு சாலையில் வண்டிகள் அதிகமாகப் போகின்றன. கடைக்குள் ஆள் வருவது குறைந்துவிட்டது. நெரிசல் இருந்தபோதே வியாபாரம் நன்றாக இருந்தது என்றால் சிரிக்கிறார்கள். நான் சொல்வது தவறா?

பதில்: சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. உங்களைப் போன்ற அனுபவம் வேறு நாடுகளிலும் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகர மையச் சாலைகளை ஒருவழியாக்கினார்கள். புறநகரிலிருந்து காரில் வருகிறவர்கள் விரைவாக வந்து விரைவாக வெளியேற வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது, விரைவாக வெளியேறினார்கள், நின்று பொருள் வாங்கவில்லை. இப்போது அந்த நகரங்களில் பல, ஒருவழிச் சாலைகளை மீண்டும் இருவழியாக மாற்றி வருகின்றன. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 2011இல் இரண்டு சாலைகள் இப்படி மாற்றப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஜான் கில்டர்புளூம், வில்லியம் ரிக்ஸ் ஆகியோர், போக்குவரத்து கூடியபோதிலும் விபத்துகள் குறைந்ததாகவும் சொத்து மதிப்பு உயர்ந்ததாகவும் எழுதினார்கள். 2012இல் விகாஷ் கயா, கார்லோஸ் டகன்சோ என்ற போக்குவரத்து ஆய்வாளர்கள் கணித முறையில் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். எதிர்வரிசையைக் குறுக்கிடும் திருப்பத்தை மட்டும் தடைசெய்துவிட்டு இருவழியாகவே வைத்திருந்தால், குறுகிய தூரப் பயணங்கள் மிகுந்த இடங்களில் ஒருவழிச் சாலைகளைவிட அந்த அமைப்பு அதிகமானவர்களைச் சேருமிடத்தில் சேர்க்கும் என்பது அவர்கள் முடிவு. நம் ஊர் வழக்கில் சொன்னால், வலப்புறம் திரும்புவதை மட்டும் தடுப்பது ஒருவழியைவிட மேலாக இருக்கக்கூடும்.

இவற்றை அப்படியே தியாகராய நகருக்குப் பொருத்திவிட முடியாது. அமெரிக்க நகரங்களில் பெரும்பாலோர் காரில் வருகிறவர்கள்; உங்கள் தெருவுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ நடந்து வருகிறவர்கள். நடந்து வருகிறவருக்கு வண்டி எந்தத் திசையில் போகிறது என்பதைவிட, அது எவ்வளவு வேகத்தில் போகிறது, எதிர்ச்சாரிக் கடைக்குத் துணிந்து கடந்து போக முடியுமா என்பதே முக்கியம். முன்பு நெரிசலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் புடவை எடுத்தவர் குறுக்கே நடந்து உங்களிடம் குக்கரும் வாங்கிப் போனார். இப்போது வண்டிகள் விரைவதால் பக்கம் மாறாமலே திரும்பிப் போகிறார். உங்கள் கடையில் ஆள் குறைந்ததற்கு என் ஊகம் இதுதான். அது சரியா என்று எதிர்ச்சாரிக் கடைக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்களும் அதையே சொன்னால், நீங்கள் கேட்க வேண்டியது பழைய இருவழி அல்ல. தெருவின் நடுவே பாதசாரிகள் கடக்க மேடான குறுக்குப்பாதை. வண்டியின் வேகத்தை அது குறைக்கும். கடப்பவருக்கும் தைரியம் வரும். சரக்கு இறக்குவதற்குக் காலையில் ஒரு நேரம் ஒதுக்கும்படியும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவழியான தெருவில் பாத்திரம் இறக்கும் மினி லாரி நின்றால், பின்னால் வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போக முடியுமா என்பதுகூடத் தெருவின் அகலத்தைப் பொறுத்துத்தான்.

வடபழனி இளைஞர்: என் வீடு ஒருவழிப் பாதை முடியும் முனையிலிருந்து நான்காவது கட்டடம். அவ்வளவு தூரத்துக்கு பைக்கை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டு போகலாமா? வண்டியின் முகம் சரியான திசையில்தானே இருக்கும்?

பதில்: புத்திசாலித்தனமான வாதம், செல்லாது. தடைசெய்த திசையில் பின்னோக்கி ஓட்டி நுழைவதும் மீறலே என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அப்போதே யாரோ உங்களைப் போல யோசித்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதற்குச் சலுகை எதுவும் தரவில்லை. விதிகள் பேசுவது வண்டி ஓட்டுவதைப் பற்றி. எஞ்சினை அணைத்து, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். நான்கு கட்டடம்தானே.

அண்ணா நகர் வாசகர்: ‘ராங் சைடில்’ வந்தால் ஐந்நூறு ரூபாய், அவ்வளவுதான் என்று என் மகன் சொல்கிறான். சரியா?

பதில்: அவரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவு, தனித் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கானது. அதன்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் 2019இல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றிய 184ஆவது பிரிவின் விளக்கத்தில், அனுமதிக்கப்பட்ட போக்குக்கு எதிராக ஓட்டுவதும் சேர்க்கப்பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், ஓட்டும்போது கைப்பேசியைப் பிடித்துப் பேசுவதும் இருக்கும் அதே பட்டியல் அது. இந்தப் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் வரக்கூடும். எந்தப் பிரிவில் வழக்கு என்பதை நிறுத்திய அதிகாரி முடிவு செய்வார். பேரம் பேச முடியாத இடம் அது.

அபராதத்தைவிடக் கனமான செய்தி இன்னொன்று உண்டு. எதிர்த்திசையில் வந்து விபத்தில் சிக்குகிறவர் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், விபத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பார்த்து அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்க முடியும். மருத்துவமனைச் செலவு முழுவதும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கோடம்பாக்கம் வாசகர்: எனக்கு 74 வயது. சாலை ஒருவழியான பின் ஒரு பக்கம் பார்த்தால் போதும், கடப்பது எளிது என்று நினைத்தேன். முன்பைவிடப் பயமாக இருக்கிறதே, ஏன்?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம்.

பத்து மீட்டர் அகலமுள்ள சாலை என்று வைத்துக்கொள்வோம். சிக்னல்களை வடிவமைக்கும்போது, நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அவர் எட்டு நொடிகளில் கடந்துவிடுவார். உங்கள் வயதில், கையில் பையுடன், நொடிக்கு 0.8 மீட்டர்தான் வரும் என்றால் பன்னிரண்டு நொடிகளுக்கு மேல் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தப் பன்னிரண்டு நொடிகளில் ஏறத்தாழ 165 மீட்டர் வந்துவிடும். தெருவிளக்குக் கம்பங்கள் சுமார் 30 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சாலையில், நீங்கள் கால் வைக்கும்போது ஐந்து கம்பங்களுக்கு அப்பால் இருக்கும் வண்டி அது. அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை நின்ற இடத்திலிருந்து மதிப்பிடுவது இளைஞருக்கே கடினம். முன்பு இருவழியாக இருந்தபோது நெரிசலால் வண்டிகள் மெதுவாக வந்தன. நடுவில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கவும் முடிந்தது. இப்போது சாலை முழுவதும் ஒரே திசையில் ஓடுவதால், நடுவில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் வண்டிகள் பாய்கின்றன.

இது போதாதென்று, ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்பது காகிதத்தில்தான் உண்மை. மறுபக்கத்திலிருந்து ஓரமாக, ஹாரன்கூட அடிக்காமல் ஒரு ஸ்கூட்டர் வரும். எனவே ஒருவழிச் சாலையிலும் இரு பக்கமும் பார்த்தே கடக்க வேண்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

சென்னைப் பெருநகரக் காவல்துறை 2023இல் அறிவித்த வேக வரம்பின்படி, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிகளுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் வந்தால் அதே பன்னிரண்டு நொடிகளில் வண்டி சுமார் 100 மீட்டர்தான் நகரும். உங்களைப் பார்த்து நிறுத்தவும் ஓட்டுநருக்கு இடமிருக்கும். குடியிருப்புத் தெரு ஒன்று மாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டு வண்டிகள் திருப்பிவிடப்பட்டாலும் அது குடியிருப்புத் தெருதான். அந்த வேக வரம்பும் அதனுடன் இருக்க வேண்டும். 30 என்று எழுதிய பலகை உங்கள் தெருவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

புரசைவாக்கம் வாசகி: ‘சோதனை அடிப்படையில்’ என்று சொல்லிப் போட்ட தடுப்பு மாதக்கணக்காக நிற்கிறது. சோதனைக்கு எல்லை கிடையாதா?

பதில்: சட்டத்தில் எல்லை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவுதான், பொதுப் பாதுகாப்பு அல்லது வசதி கருதிச் சாலையில் வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் உரிமை தருகிறது. அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாததாக இருந்தால் அரசிதழில் அறிவிக்கத் தேவையில்லை; அந்தப் பகுதியில் தக்கபடி விளம்பரம் செய்தால் போதும். ஒரு மாதத்தைத் தாண்டினால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். உரிய அடையாளப் பலகைகளை வைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்போது எடுப்பீர்கள்?’ என்பது அல்ல. ‘இதற்கான அறிவிப்பு எந்தத் தேதியில் வெளியானது, அதன் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அறிவிப்பு இருந்தால், எந்தக் காரணத்துக்காக, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்பது தெரியவரும். அதை வைத்து மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் அந்தப் பதிலே உங்கள் மனுவுக்கு ஆதாரம்.

அயனாவரம் வாசகர்: மரக்கிளை மறைத்த நோ என்ட்ரி பலகையைக் கவனிக்காமல் நுழைந்துவிட்டேன். கேமரா படம் பிடித்து செலான் வந்துவிட்டது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உடனே கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். சாலை அடையாளங்களுக்குக் கீழ்ப்படிவது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆவது பிரிவு சொல்கிறது. கண்ணுக்கே தெரியாத அடையாளத்துக்கு எப்படிக் கீழ்ப்படிவது என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு. ஆனால் வாதத்துக்குச் சான்று தேவை. இன்றே அந்த இடத்துக்குப் போங்கள். வண்டியோட்டியின் கண் இருக்கும் உயரத்திலிருந்து, நீங்கள் வந்த திசையிலேயே நின்று, தேதியும் நேரமும் பதிவாகும்படி படம் எடுங்கள். சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பலகையாக இருந்தாலும், மேல்நோக்கிய அம்பின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையாக இருந்தாலும், கிளைக்குப் பின்னால் அது எவ்வளவு தெரிகிறது என்பது படத்தில் வர வேண்டும். நாளை யாராவது கிளையை வெட்டிவிட்டால் சான்றும் போய்விடும். (வெட்டச் சொல்லி மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு நீங்களே சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம், படம் எடுத்த பிறகு சொல்லுங்கள்.)

கேமரா வழியாக வரும் வழக்குகளுக்கு 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். கேமரா கண்காணிப்பு உள்ள இடத்தில் அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அப்போது அதில் எழுதப்பட்டது. செலானில் உள்ள படத்தையும் தேதியையும் இவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்து, போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் எழுத்து மூலம் மறுப்புக் கொடுங்கள். ஏற்கவில்லையென்றால் நீதிமன்றத்தில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று தோன்றினால் கட்டிவிடுங்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரும் மறுக்காத வரை அந்தப் பலகை கிளைக்குப் பின்னாலேயே இருக்கும்.

அடையாறு வாசகி: ஒருவழியைக் காரணம் காட்டி ஆட்டோக்காரர்கள் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

பதில்: அரசு 2013இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர் ஓடிய தூரத்துக்குத்தான் கணக்கிடும்; சுற்றுவழியின் செலவு அதிலேயே வந்துவிடுகிறது. மீட்டர் போட்டால், ‘சுத்திப் போகணும்மா’ என்பதற்குத் தனித்தொகை கிடையாது. அந்தக் கட்டணம் இன்றைய எரிபொருள் விலைக்குக் கட்டுப்படியாகுமா என்ற ஆட்டோக்காரர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. தெருவின் திசைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மந்தைவெளி வாசகர்: போகும்போது ஏறும் நிறுத்தம் எங்கள் தெருவில். திரும்பும்போது பேருந்து வேறு சாலையில் எங்கேயோ இறக்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்த என் தங்கை மழையில் வழி தெரியாமல் அலைந்தாள். இதற்கு யார் பொறுப்பு?

பதில்: ஒருவழிப் பாதையின் சுமையில் பெரும்பங்கு பேருந்துப் பயணிகள் தலையில்தான் விழுகிறது, அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஸ்கூட்டர்காரர் சுற்றி வந்தாலும் வாசலில் இறங்குவார். பேருந்தில் வருகிறவர் இணைச் சாலையில் இறங்கி, இரண்டு தெருக்களுக்கு இடையிலான தூரத்தை நடந்தே தீர வேண்டும். அதுவும் பெரும்பாலும் நடைபாதை இல்லாத குறுக்குச் சந்தில், கழிவுநீர் மூடியையும் நிறுத்திய கார்களையும் தாண்டி.

பேருந்தின் தடத்தை மாற்றுவது போக்குவரத்துக் காவல்துறையும் மாநகர் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து செய்யும் வேலை; நிழற்குடையும் நடைபாதையும் மாநகராட்சியின் வேலை. மூவரும் ஒரே நாளில் செய்து முடிப்பதில்லை என்பதே உங்கள் தங்கை நனைந்ததற்குக் காரணம். பழைய நிறுத்தத்தில், ‘எதிர்த்திசைப் பேருந்துக்கு இந்தச் சந்து வழியாகப் போகவும்’ என்று அம்புக்குறியுடன் தமிழில் ஒரு பலகை வைக்கப் பெரிய செலவு ஆகாது. கழகத்தின் கிளை மேலாளருக்கு எழுதும்போது தட எண்ணையும், பழைய நிறுத்தம், புதிய நிறுத்தம் இரண்டின் பெயரையும் குறிப்பிடுங்கள். ‘எங்கள் பகுதியில் பேருந்து வசதி சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கிவிடும்.

திருமங்கலம் வாசகர்: ஆம்புலன்ஸும் சுற்றித்தான் வர வேண்டுமா?

பதில்: இல்லை. அவசரப் பணியில் இருக்கும் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும், பிறருக்கு ஆபத்து நேராதபடி ஒருவழியில் எதிர்த்திசையிலும் செல்ல விதிகள் இடம் தருகின்றன. அவற்றுக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். விதி இடம் தந்தாலும் தெரு இடம் தர வேண்டும். இரு சாரியிலும் கார்களை நிறுத்திவிட்டு நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம் விட்டிருந்தால், எதிரே வரும் ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? ஒருவழியானதும் ‘எதிர் வண்டி வராதே’ என்று இரண்டாவது சாரியிலும் காரை நிறுத்தத் தொடங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரம்பூர் மாணவி: உலகில் முதன்முதலில் ஒருவழிப் பாதை எங்கே வந்தது?

பதில்: பழைய சான்றாக எல்லோரும் காட்டுவது லண்டனை. தேம்ஸ் தெருவை ஒட்டிய 17 குறுகிய சந்துகளில் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதால், 1617இல் அவற்றின் போக்கைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டார்கள். அந்தச் சந்துகளில் ஒன்றான புட்டிங் லேனில்தான் 1666இல் லண்டன் பெருந்தீ தொடங்கியது. நெரிசல் மோட்டார் வாகனங்களோடு பிறந்ததல்ல. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போதும்.

விருகம்பாக்கம் குடியிருப்போர் சங்கச் செயலர்: எங்கள் தெருவின் திசையை மாற்றித் தரும்படி மனுக் கொடுக்கவிருக்கிறோம். என்ன எழுதினால் பலன் இருக்கும்?

பதில்: ‘மக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள்’ என்ற வரியை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். அந்த வரி எல்லா மனுவிலும் இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

தெருவின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்தாவது இணையுங்கள். அதில் பள்ளிக்கூட வாசல், மருத்துவமனை, ரேஷன் கடை, குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் நிற்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கட்டும். உறுப்பினர்கள் சிலர் தங்கள் அன்றாடப் பயணத்தில் முன்பு எவ்வளவு தூரம், இப்போது எவ்வளவு தூரம் என்று ஓடோமீட்டரைப் பார்த்து எழுதித் தரட்டும். காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் தெரு முனையில் நின்று, சரியான திசையில் வருகிற வண்டிகளையும் எதிர்த்திசையில் வருகிறவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். எதிர்த்திசையில் வருகிறவர்கள் மிகுதியாக இருந்தால், அதை மக்களின் ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதாதீர்கள். அருகில் யூ டர்ன் இல்லாத இடத்தில்தான் அது மிகுதியாகும்; எனவே யூ டர்ன் எங்கே வேண்டும் என்பதையும் நீங்களே காட்டுங்கள்.

முழுத் திசைமாற்றத்தை மட்டும் கேட்டு, மறுத்தால் வெறுங்கையுடன் திரும்ப வேண்டாம். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் ஒருவழி, பேருந்துக்கும் கனரக வண்டிக்கும் மட்டும் ஒருவழி, வலத்திருப்பத்துக்கு மட்டும் தடை என்று இடைவழிகள் உண்டு. அவற்றுள் உங்கள் தெருவுக்குப் பொருந்துவதை இரண்டாவது கோரிக்கையாக வைக்கலாம். மனுவைப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போக்குவரத்துப் பிரிவின் துணை ஆணையருக்கும், தடுப்பு மெட்ரோ பணிக்காக வைக்கப்பட்டதாக இருந்தால் மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கும், வார்டு கவுன்சிலருக்கும் நகல் அனுப்புங்கள். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அதில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறார்களா என்பதை மனுவுக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. தெருவின் மேற்கு முனையில் இருப்பவருக்கு வசதியாகும் திசை கிழக்கு முனைக்காரருக்குச் சுற்றுவழியாகும். இரண்டு மனுக்கள் எதிரெதிராகப் போனால், இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு, இருப்பதை இருந்தபடியே விட்டுவிடுவது அலுவலகத்துக்கு மிக எளிது.